சீனக் குழந்தைகளின் ஒலிவளர்ச்சித் தாமதம்: அளவுகோல்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஒரு குழந்தையின் பேச்சொலி வளர்ச்சி தாமதமானது என்னும் கூற்று, அக்குழந்தையைப் பற்றியது மட்டுமன்று. அதனை அளக்க எடுத்துக்கொண்ட கோலையும் பற்றியதாகும். கோல் தவறினால் இருவகைத் தீங்கு நேரும். குறையில்லாத குழந்தை குறையுடையதாக முத்திரையிடப்படும். உதவி வேண்டிய குழந்தை கவனிப்பாரின்றி விடப்படும். மாண்டரின் சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளை அளப்பதற்கு உருவான கோலின் வலிமையையும் வரம்பையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரோமன் யாக்கப்சன் 1941இல் வெளியிட்ட நூலில், குழந்தைகள் ஒலியன்களைப் பெறும் வரிசை எல்லா மொழிகளுக்கும் பொதுவானது என்னும் கொள்கையை முன்வைத்தார். இக்கொள்கையை அப்படியே ஏற்பின், ஆங்கிலக் குழந்தைகளுக்கென அமைந்த சோதனையைச் சீனக் குழந்தைகளுக்கும் பயன்படுத்திவிடலாம். ஆனால் மாண்டரினின் அமைப்பு இதற்கு இடந்தரவில்லை. அதன் அசை முதலில் 21 மெய்கள் வரலாம், அசையிறுதியில் இரண்டு மூக்கொலிகளே வரும், மெய்ம்மயக்கம் இல்லை. நான்கு தொனிகள் சொற்பொருளை வேறுபடுத்துகின்றன. 'மா' என்னும் ஓரசையே தொனிக்கேற்பத் தாய், சணல், குதிரை, திட்டுதல் எனப் பொருள்படும். மெய்ம்மயக்கத்திற்கு இடமளித்துத் தொனிக்கு இடமளிக்காத சோதனை, இம்மொழியில் இல்லாததைத் தேடி, இருப்பதைக் காணாது விடும்.

இக்குறையை நீக்கிய முயற்சிகளுள் முதன்மையானது, ஜூ ஹுவாவும் பார்பரா டாடும் 2000இல் வெளியிட்ட ஆய்வாகும். பெய்ஜிங் நகரில் 1 வயது 6 மாதம் முதல் 4 வயது 6 மாதம் வரையிலான 129 குழந்தைகளின் பேச்சை அவர்கள் ஆராய்ந்தனர். முதலில் தொனியும், அடுத்து அசையிறுதி மெய்களும் உயிர்களும், இறுதியாக அசைமுதல் மெய்களும் கைவருகின்றன என்பது அவர்களது முடிவு. ஓர் ஒலி முதன்முதலில் தோன்றுவதையும் அது நிலைபெறுவதையும் அவர்கள் பிரித்துக் காட்டியது குறிப்பிடத்தக்கது. ஒருமுறை சரியாக ஒலித்த குழந்தையும், மூன்று முறைக்கு இரண்டு முறையேனும் சரியாக ஒலிக்கும் குழந்தையும் ஒரே நிலையில் இல்லை. இவ்வேறுபாட்டைக் கூறாது ஒலிக்கு வயது குறிக்கும் அட்டவணை மயக்கம் தரும்.

இவ்வரிசைக்குக் காரணமாக அவர்கள் கூறுவது 'ஒலியனியல் முனைப்பு' என்னும் கருத்தாகும். அசையில் ஒரு கூறு கட்டாயமானதா, பொருளை வேறுபடுத்துகிறதா, அதற்கு மாற்றாக வரக்கூடியவை எத்தனை ஆகியவற்றால் முனைப்பு அமையும். தொனி கட்டாயமானது, மாற்றுகளும் நான்கே, எனவே அது முந்துகிறது. மொழிக்குள்ளிருந்தே காரணம் காண்பது இக்கருத்தின் சிறப்பு. எனினும் இம்மூன்றனுள் எதற்கு எவ்வளவு வலிமை என்பது வரையறுக்கப்படவில்லை. உயிர் கட்டாயமானது, ஆயின் மாற்றுகள் பல. அசையிறுதி மெய் கட்டாயமன்று, ஆயின் மாற்றுகள் இரண்டே. இவற்றுள் எது முந்தும் என்பதை முனைப்புக் கருத்து முன்கூட்டிச் சொல்வதில்லை. விளைவைக் கண்டபின்னரே விளக்குகிறது.

தொனி முந்துகிறது என்பதும் முடிந்த முடிபன்று. தைவான் குழந்தைகளை ஆராய்ந்த சார்லஸ் லீயும் சாண்ட்ரா தாம்சனும் 1977இலேயே தொனி ஒலியன்களுக்கு முன் கைவருவதாகக் கூறினர். ஆனால் குழந்தை சொல்லும் சொல் இன்னதென அறிந்த செவி, எதிர்பார்த்த தொனியையே கேட்டுவிடக்கூடும். அமெரிக்காவில் வாழும் மாண்டரின் பேசும் மூன்று வயதுக் குழந்தைகளை ஆராய்ந்த வாங், சுவார்ட்ஸ், ஜென்கின்ஸ் ஆகியோர் (2005), சொல்லை அடையாளங்காண இயலாதவாறு ஒலிப்பதிவை வடிகட்டித் தொனியை மட்டும் கேட்பித்தனர். அந்நிலையில் குழந்தைகளின் தொனிகள் பெரியோரின் தொனிகளை எட்டவில்லை. தொனி இரண்டு வயதிலேயே முற்றுப்பெறும் எனக் கொள்வோர், மூன்று வயதுக் குழந்தையின் இயல்பான பிறழ்ச்சியைக் குறை எனக் கருத நேரும்.

இடவேறுபாடு மற்றொரு சிக்கல். தைவானிலும் தென்சீனத்திலும் பெரியோர் பலர் வளைநா ஒலிகளைப் பல்லொலிகளோடு ஒன்றாக்கியே பேசுகின்றனர். அங்கு வளரும் குழந்தை கேட்டதையே சொல்கிறது. பெய்ஜிங் அளவுகோல் அதனைத் தாமதம் எனக் காட்டினால், பிழை குழந்தையினுடையதன்று. தமிழில் ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் வட்டாரக் குழந்தைக்கும் இது பொருந்தும்.

தாமதம் வேறு, பிறழ்வு வேறு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். இளைய குழந்தையிடம் இயல்பாகக் காணப்படும் பிழை மூத்த குழந்தையிடம் நீடிப்பது தாமதம். எவ்வயதிலும் இயல்பாகக் காணப்படாத பிழை பிறழ்வு. இயல்பு இன்னதென்று முழுமையாக அறியாமல் இரண்டையும் பிரிக்க இயலாது. 129 குழந்தைகளின் ஆய்வு 4 வயது 6 மாதத்தில் முடிகிறது. அவ்வயதிலும் நான்கு அடைப்புரசொலிகள் நிலைபெறவில்லை. ஆகவே அவ்வொலிகளில் இடறும் ஐந்து வயதுக் குழந்தையைப் பற்றி அவ்வாய்வைக் கொண்டு மட்டும் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. ஆங்கிலக் கோலை விலக்கி மொழிக்குரிய கோலைத் தந்தது அவ்வாய்வின் நிலைத்த பயன். அக்கோலை வயதாலும் இடத்தாலும் செவியாலும் திருத்திக்கொள்வது பின்வருவோர் கடமையாகும்.