ஊசி முனையில் ஒரு வண்டி

ஓர் எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறதா என்பதைக் காதால் கேட்டே சொல்லிவிடுகிறவர்கள் வில்லியனூரிலும் பாகூரிலும் இன்றைக்கும் உண்டு. புதுச்சேரியின் இந்த ஊர்களில் ஆயில் எஞ்சின் வைத்து வயலுக்கு நீர் இறைத்தவர்களுக்கு அந்தக் காது வாய்த்தது. டி.வி.எஸ். 50-ம் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் ஓடிய காலத்தில் பட்டறை வைத்திருந்தவர்களுக்கும் வாய்த்தது. கார்புரேட்டரின் காற்றுத் திருகைக் கால் சுற்று திருப்புவார்கள். ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். சரி என்று பட்டதும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுவார்கள். இன்றைய வண்டிகளில் அந்த வேலையைக் கணினி பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் அந்தக் காதுக்கு ஏற்ற, மிகக் கறாரான வாத்தியம் ஒன்று இன்னும் இருக்கிறது. ரேடியோ ரிமோட்டில் ஓடும் நைட்ரோ டிரக்தான் அது.

தூரத்திலிருந்து பார்த்தால் பொம்மை வண்டி. நிஜ டிரக்கில் எட்டில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோ அளவு, நாலைந்து கிலோ எடை. மேல்மூடியைக் கழற்றினால் பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க், கார்புரேட்டர், கிளட்ச், கியர் பெட்டி, சைலென்சர் என்று முழு டூ ஸ்ட்ரோக் எஞ்சினே உள்ளே உட்கார்ந்திருக்கும். பரவலாகப் புழங்கும் எஞ்சின் ஒன்றின் கொள்ளளவு 3.3 சி.சி. ஆர்.எக்ஸ். 100 எஞ்சினில் முப்பதில் ஒரு பங்கு. ஆர்.எக்ஸ். நிமிடத்துக்கு 7,500 சுற்றில் தன் முழுப் பலத்தைக் காட்டும். நைட்ரோ எஞ்சின் 30,000 சுற்று வரை போகும். 1999-ல் டெக்சாஸின் டிராக்சஸ் நிறுவனம் டி-மேக்ஸ் டிரக்கைக் கொண்டுவந்தது. பெட்டியைப் பிரித்ததும் ஓட்டக்கூடிய நைட்ரோ டிரக் பரவலானதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 2004-ல் அதே நிறுவனத்தின் ரெவோ வந்தது. எஞ்சினுக்கென்றே பெயர் பெற்றது 1936-ல் தொடங்கிய ஜப்பானின் ஓ.எஸ். நம் நாட்டுக்கும் இந்தச் சிறு எஞ்சின் புதிதல்ல. கல்கத்தாவில் ‘அரோரா’ என்ற பெயரில் மாடல் விமான எஞ்சின்கள் செய்து விற்றிருக்கிறார்கள்.

இந்த வண்டியின் சுவை அதன் எரிபொருளில் தொடங்குகிறது. பெட்ரோல் இல்லை, மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த கலவை. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.5 பங்கு போதும். நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருப்பதால் அதற்கு 1.7 பங்கே போதும். அதே அளவு காற்றில் பல மடங்கு எரிபொருளை எரிக்க முடிவதால்தான் கட்டைவிரல் பருமன் பிஸ்டன் நாலைந்து கிலோ வண்டியைத் தூக்கி எறிகிறது. டிரக்குகளுக்கு 20 சதவீத நைட்ரோ வழக்கமான அளவு. எண்ணெயில் ஒரு பகுதி ஆமணக்கெண்ணெய். பெட்ரோலில் எளிதில் கலக்காத அது மெத்தனாலில் கரைந்துவிடும். சூடு ஏற ஏற மெல்லிய படலமாகப் படிந்து உலோகத்தைக் காக்கும். எஞ்சின் ஓடி நின்ற இடத்தில் நம் வீட்டு விளக்கெண்ணெய் கருகிய வாசம் நிற்கும். அந்த வாசத்துக்காகவே இதை விடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

பற்றவைக்கும் முறை இன்னும் அழகு. பாயின்ட் கிடையாது, காயில் கிடையாது, வண்டியில் எஞ்சினுக்கென்று பேட்டரி கூடக் கிடையாது. குளோ பிளக் என்ற சின்ன பிளக்கினுள் பிளாட்டினக் கலவைக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். அமெரிக்கரான ரே ஆர்டன் 1940-களின் இறுதியில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் கொடுத்துச் சுருளைச் சிவக்க வைக்க வேண்டும். எஞ்சின் பிடித்ததும் கம்பியை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டு வினைபுரியும் சூட்டிலும், எரியும் சூட்டிலும் சுருள் தொடர்ந்து கனன்றுகொண்டே இருக்கும்.

புதிய எஞ்சின் ஒன்றின் ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகிப் பிடிக்கும். பைக் பழகிய கைக்கு எஞ்சின் ஜாமாகிவிட்டது என்றே தோன்றும். உண்மையில் அந்தப் பிடிதான் எஞ்சினின் உயிர். இந்தப் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் ஸ்லீவ் பித்தளை, ஸ்லீவின் உட்புறம் குரோம் பூச்சு. ஸ்லீவைக் கீழே அகலமாகவும் மேலே இம்மியளவு குறுகலாகவும் கடைந்திருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது மேல்பகுதிதான் அதிகம் சூடாகும்; அதனால் அதுவே அதிகம் விரியும். சரியான சூட்டில் குறுகல் மறைந்து, பிஸ்டனும் ஸ்லீவும் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகப் பொருந்தும். இந்த எஞ்சின் சூட்டில்தான் சரியான அளவுக்கு வருகிறது. இந்தக் கடைசல் நுட்பத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அதனால்தான் புது எஞ்சினை ஓட்டிப் பழக்கும் வேலையில் அவசரம் கூடாது. எஞ்சின் தலையை முன்கூட்டியே சூடாக்கி, எரிபொருள் அதிகமாகப் போகும்படி கார்புரேட்டர் ஊசியைத் திறந்துவைத்து, சில டேங்க் வரை மிதமாக ஓட்டி, ஒவ்வொரு முறையும் முழுதாக ஆறவிட வேண்டும். ஆறவிடும்போது பிஸ்டனைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். மேலே விட்டுவிட்டால் சுருங்கும் ஸ்லீவ் அதைக் கவ்விக்கொள்ளும். குளிர் நாடுகளில் எஞ்சின் தலைக்கு அலுமினியத் தாள் சுற்றிச் சூட்டைக் காப்பாற்றுவார்கள். சித்திரை வெயிலில் பாகூரில் ஓட்டுகிற நமக்கு அந்தச் செலவு இல்லை.

இனி டியூனிங். கார்புரேட்டரில் முக்கியமாக மூன்று திருகுகள்: ஹை ஸ்பீடு ஊசி, லோ ஸ்பீடு ஊசி, ஐடில் திருகு. ஊசியை வலப்பக்கம் திருப்பினால் எரிபொருள் குறையும். மெக்கானிக்குகள் லீன் என்பார்கள். இடப்பக்கம் திருப்பினால் கூடும், அது ரிச். திருப்புகிற அளவைக் கடிகார முகத்தை வைத்துச் சொல்வது வழக்கம். பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குப் போகிற தூரம், ஒரு தடவைக்கு அவ்வளவுதான். அந்தச் சின்னத் திருப்பத்திலேயே எஞ்சினின் குரல் மாறும். ரிச்சாக இருந்தால் தொண்டை அடைத்ததுபோல் கமறும், பின்னால் புகை கனமாக வரும், பிக்கப் இருக்காது. லீனாகப் போனால் சத்தம் மெலிந்து கூர்மையாகும், புகை மறையும், வண்டி பறக்கும். புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில்தான் மயங்கிப்போகிறார்கள். எண்ணெயும் எரிபொருளோடுதான் வருகிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். புகையில்லாத அந்தப் பறத்தல் சில நிமிடத்தில் பிஸ்டனைத் தின்றுவிடும். முழு வேகத்திலும் வெள்ளையும் நீலமுமாக ஒரு மெல்லிய புகைக்கோடு பின்னால் வந்துகொண்டே இருக்க வேண்டும். நல்ல டியூனிங்குக்கு அதுவே முதல் அடையாளம்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே ஊசியில் கை வைக்க வேண்டும். முதலில் ஹை ஸ்பீடு, அடுத்தது லோ ஸ்பீடு, கடைசியில் ஐடில். லோ ஸ்பீடு ஊசிக்கு அருமையான சோதனை ஒன்று உண்டு. ஐடிலில் ஓடும்போது எரிபொருள் குழாயை விரலால் நசுக்கிப் பிடியுங்கள். வேகம் கொஞ்சம் ஏறி, இரண்டு மூன்று வினாடியில் எஞ்சின் அணைந்தால் சரி. உடனே அணைந்தால் லீன். நெடுநேரம் இழுத்தால் ரிச். தலைச் சூட்டுக்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வந்துவிட்டது. 105 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை பொதுவாக ஏற்றது. தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் தலைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது கொதித்து ஆவியாக எடுக்கும் நேரத்தைப் பார்ப்பார்கள்.

ஒரு முறை சரிசெய்த ஊசி ஆண்டு முழுக்கச் சரியாக இருக்காது என்பதே இந்தக் கலையின் நிஜமான ருசி. மார்கழிக் காலையில் காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும். ஆக்சிஜன் அதிகம், அதற்கேற்ப எரிபொருளும் கூட வேண்டும். சித்திரைப் பகலில் சூடும் கடலோர ஈரமும் சேர்ந்து காற்று லேசாகும். அதே ஊசி இப்போது ரிச்சாகத் தெரியும். பகலில் ஓட்டி முடித்து, அதே நிலையில் மறுநாள் விடியற்காலையில் முழு வேகம் பிடித்தால் எஞ்சின் லீனில் ஓடும். நைட்ரோ வண்டி வைத்திருப்பவர் தன் ஊரின் காற்றையும் ஈரத்தையும் வேளை வேளையாகத் தெரிந்துகொள்கிறார். அந்த அறிவு எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

மண்ணையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாகூர் வட்டாரத்தில் சம்பா அறுவடை முடிந்து காய்ந்த வயல், தாளடி குத்தும் மேடுபள்ளத்தோடு டிரக்குக்கு நல்ல களம். ஆனால் அந்த வண்டல் மண் மாவாக எழும்பும். வில்லியனூரில் சங்கராபரணி ஆற்று மணல் வேறு வகை. ஒரு துகள் உள்ளே போனாலும் குரோம் பூச்சில் கீறல் விழும். எண்ணெயில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், அது உட்காரும் இடத்தில் இடைவெளி இல்லாத பிடிப்பு, இரண்டும்தான் எஞ்சினின் ஆயுள். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சத்தை எரித்துத் தீர்த்து, உள்ளே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றி வைக்க வேண்டும். மெத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் கடலோரக் காற்றில் ஒரு வாரம் சும்மா விட்டால் பேரிங்கில் துரு ஏறிவிடும்.

மேம்படுத்துவது என்றதும் பலர் பெரிய எஞ்சினையும் பளபளக்கும் அலுமினியப் பாகங்களையும் நினைக்கிறார்கள். என் கட்சி வேறு. முதல் செலவு ஃபெயில்சேஃபுக்கு. சிக்னல் அறுந்தால் ஆக்சிலேட்டரைத் தானே மூடிவிடும் ஏற்பாடு அது. அது இல்லாத நைட்ரோ வண்டியை ஆள் நடமாடும் இடத்தில் இறக்கக் கூடாது. அடுத்து நல்ல பேரிங், பிறகு உலோகப் பல் வைத்த ஸ்டீயரிங் சர்வோ. அதற்குப் பிறகு டியூன்ட் பைப். எக்ஸாஸ்டிலிருந்து கிளம்பும் அழுத்த அலை அந்தக் குழாயின் கூம்பில் மோதித் திரும்பி வந்து, வெளியே தப்பப் பார்க்கும் புதிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். குழாயின் நீளம் மாறினால் எஞ்சின் பலம் காட்டும் சுற்றும் மாறும். சஸ்பென்ஷன் கைகளுக்கு நைலானே மேல். அலுமினியக் கை வரப்பில் மோதினால் வளைந்தபடி நின்றுவிடும், அல்லது அடியை அப்படியே சேஸிஸுக்குக் கடத்தும். நைலான் வளைந்து நிமிரும். உடைந்த பாகத்தைப் பார்த்து, அது ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் பலப்படுத்துவதே நல்ல அப்கிரேடு. கடையில் கண்ணில் பட்டதையெல்லாம் மாட்டினால் பலவீனம் அடுத்த பாகத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

இன்றைய பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் வைத்த டிரக்குகள் நைட்ரோவை வேகத்தில் முந்திவிட்டன. அவற்றில் சத்தமில்லை, புகையில்லை, பராமரிப்பும் குறைவு. வேகம் மட்டும் வேண்டுமென்றால் அவையே சரி. எஞ்சினோடு பேசிப் பழக விரும்புகிறவர்களுக்கு நைட்ரோவுக்கு மாற்று இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு தேவை. இதில் ஊற்றுவது மெத்தனால். 2023 மே மாதம் நம் எல்லையை அடுத்த மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் கலந்து பல உயிர்களைக் குடித்த அதே மெத்தனால். கொஞ்சம் உள்ளே போனாலும் கண்ணைப் பறிக்கும். தண்ணீர் பாட்டிலில் ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள். பெயர் எழுதிய கேனில், பூட்டிய அலமாரியில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். மெத்தனால் எரியும் தீ பகலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். ஓட்டும் இடத்தைத் தேர்வதில் ஊசுட்டேரிக் கரையை விட்டுவிடுங்கள்; 2008 முதல் அது பறவைகள் சரணாலயம், இந்த எஞ்சின் சத்தத்துக்கு அங்கே வேலையில்லை. வயலில் ஓட்டுவதானால் உடையவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறக்குங்கள்.

பழைய டிரக் வாங்குகிறவர்கள் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபிளைவீலைச் சுற்றிப் பாருங்கள். உச்சியில் அந்தப் பிடி இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். வாங்கிய பின் ஒரு நோட்டில் தேதி, வேளை, வானிலை, ஊசி நின்ற இடம் நான்கையும் எழுதி வையுங்கள். முதல் ஒரு வருடம் உடைந்ததைத் தவிர வேறு எதையும் மாற்றாமல் ஊசியை மட்டும் பழகுங்கள். வண்டிக்கு என்ன வேண்டும் என்பது அதற்குப் பிறகு உங்களுக்கே தெரியும்.