யாருக்கு முட்டை மார்க்?

ஏஞ்சல்மன் சிண்ட்ரோம் தெரியுமா? 15-வது குரோமோசோமில் கோளாறு. 1965-ல் ஹாரி ஏஞ்சல்மன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் எழுதியது. பேச்சு அநேகமாக வராது. சிரிப்பும் தண்ணீர் ஆசையும் ஜாஸ்தி.

காசிமேட்டில் இப்படி ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக் கடல் பக்கம் இழுக்கிறான். 'எத்தனை வார்த்தை சொல்வான்?' என்று மட்டும் கேட்கும் டெஸ்ட்டில் அவனுக்கு முட்டை மார்க்!

அமெரிக்காவின் சாரிட்டி ரோலண்ட் உருவாக்கிய 'கம்யூனிகேஷன் மேட்ரிக்ஸ்' தேவலை. ஏழு படிகள், அந்த இழுப்புக்கே மூன்றாவது படி. டியூக் பல்கலைக்கழகத்தின் 'ஓர்கா', வீட்டில் பார்த்துக்கொள்பவரையே கேட்கிறது. ரொம்ப சரி.

ஆனால், 'இன்னா வேணும்னு எப்டி காட்டுவான் உம்புள்ள?' என்று கேட்டால்தான் அம்மா கொட்டுவாள். கேள்வி அவளுக்குப் புரியாவிட்டால், மார்க் குறைவது பையனுக்கு.