சிலம்பில் வெளியூர்க்காரர்: ஒரு பாத்திர வியாபாரியின் வாசிப்பு

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் கடைக்கு வந்தவர், “ஐயா, இந்த வருஷமும் சிலப்பதிகாரம்தானா?” என்று சிரித்தார். வேறென்ன செய்ய? அடியேன் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, 1979இல் பெங்களூருக்கு எவர்சில்வர் பாத்திரம் விற்க வந்தவன். தமிழ்ச் சமணக் குடும்பம். இந்த ஊரில் அது ஒரு தனி வேடிக்கை. மார்வாடி வியாபாரிகளுக்கு நான் மதராசி. நம் தமிழர்களோ, பெயரோடு ஜெயின் என்று பார்த்ததும் “சேட்டு, தமிழ் நல்லாப் பேசறீங்களே” என்பார்கள். நாற்பது வருஷமாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, எந்த நூலைப் பிரித்தாலும் அதில் வெளியூர்க்காரன் யார் என்றுதான் என் கண் தேடுகிறது.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் ஒரு கேள்வி. நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வாசிப்பில் போன வருஷம் நீர்ப்படைக் காதை நடந்துகொண்டிருந்தது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், பத்தினிக் கடவுளுக்குப் பொற்கொல்லர் ஆயிரம் பேரை ஒரே பகலில் பலியிட்ட செய்தியைப் படித்துவிட்டு, வழக்கம்போல அடுத்த அடிக்குப் போனேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். நகரத்பேட்டையில் தங்க வேலை செய்யும் ஆசாரி. “சார், அந்த ஆயிரம் பேர்ல எத்தனை பேருக்கு இந்தச் சிலம்பு விஷயமே தெரியும்?” என்றார். யாரோ சிரித்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷமாக அந்த அடிகளைப் படிக்கிறேன், ஒரு தடவைகூட அங்கே நின்றதில்லை.

மதுரைக் காண்டத்தை ஒரு வியாபாரியின் கண்ணால் பாருங்கள். புகாரில் மாசாத்துவான் மகன் என்றால் தெரு எழுந்து நிற்கும். மதுரையில் அந்தப் பெயர் செல்லாத காசு. ஆனால் முழுக்கச் செல்லாத காசும் இல்லை, அதுதான் இதில் வேதனை. கவுந்தியடிகள் அடைக்கலக் காதையில் மாதரியிடம் என்ன சொல்கிறார்? இவள் கணவனுடைய தந்தையின் பெயர் தெரிந்தால் இவ்வூர் வணிகப் பெருமக்கள் பெறற்கரிய பொருள் கிடைத்தது போல எதிர்கொண்டு வீட்டில் வைத்துக்கொள்வார்கள், அதுவரை உன்னிடம் இருக்கட்டும் என்கிறார். மதுரையில் கோவலனை ஏற்கத் தன்குலத்தார் இருந்தார்கள். அவர்களிடம் போய்ச் சேர்வதற்கு முன்னமே அவன் சிலம்பை விற்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டான். இடைப்பட்டது ஒரு நாள்தான். ஊருக்குப் புதிதாக வந்தவனின் முதல் நாள், அவனைத் தெரியும் என்று சொல்ல ஒருவரும் இல்லாத நாள். அந்த நாளை நம்மில் பலர் கடந்துதான் வந்திருக்கிறோம். 1979இல் சிட்டி ஸ்டேஷனில் இறங்கியபோது என் சட்டைப்பையிலும் ஒரு விலாசச் சீட்டு இருந்தது, அவ்வளவுதான்.

அவன் புறப்படும்போது திமிலுடைய காளை ஒன்று எதிரே பாய வருகிறது. அது கெட்ட சகுனம். ஆனால் அதை அறிவது அவன் குலத்தாருக்கு வழக்கமில்லை என்பதால் அவன் அறியவில்லை என்கிறார் இளங்கோ. ஆயர்சேரியில் பிறந்தவனாக இருந்தால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியிருப்பான். உரையாசிரியர்கள் இதை ஒரு வரியில் கடந்து போகிறார்கள். என் பார்வையில் அந்நிய ஊரில் பிழைப்பது என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. எந்தத் தெருவில் எப்போது போகக்கூடாது என்பது அந்த ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லாமலே தெரியும்.

அப்புறம் கொலைக்களம். காவலர்களைக் குறை சொல்லிப் பழகிவிட்டோம். நூலை மெதுவாகப் படித்தால் வேறு தெரியும். கோவலனைப் பார்த்ததும் இவன் கொல்லப்படத்தக்கவன் அல்லன் என்றுதான் அவர்களுக்குத் தோன்றுகிறது. உடனே பொற்கொல்லன் சிரித்துக்கொண்டு பாடம் நடத்துகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணையானவை எட்டு என்று அடுக்குகிறான். அதாவது, பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையா? அதுதான் அவன் பெரிய கள்வன் என்பதற்கு அத்தாட்சி! இந்த வாதத்திலிருந்து எவன் தப்ப முடியும்? பிறகு ஓர் இளங்காவலன், தான் முன்பு ஒரு திருடனிடம் ஏமாந்த கதையைச் சொல்லி, இவனை விட்டால் அரசன் நம்மை வதைப்பான் என்று கலங்குகிறான். எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்கும்போது படிப்பில்லாத குடியன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சாமர்த்தியமான பொய், முன் அனுபவம், மேலிடத்துப் பயம், கடைசியில் ஒரு குடிகாரன். இத்தனை பேர் பேசும் அந்தக் கட்டத்தில் கோவலனிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவனும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைப் படிக்கையில் 2015 ஏப்ரல் 7 நினைவுக்கு வராமல் போகாது. திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர்களை ஆந்திரப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பலர் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலைக்காரர்கள், மலையாளிப் பழங்குடியினர். எங்களைத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். கூட வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள், மனித உரிமை ஆணையம் வரை போனார்கள். மரம் வெட்டியது குற்றம்தான் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தில் அதற்குச் சிறை உண்டு, சாவு இல்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று பாண்டியன் கண்ணகியிடம் சொல்கிறானே, அந்த வாக்கியம் இன்னும் சாகவில்லை.

இந்த இடம்வரை நம் சங்கக் கூட்டங்களில் எல்லோரும் தலையாட்டுவார்கள். 1991 டிசம்பரில், காவிரித் தீர்ப்பையொட்டி இந்த ஊரில் தமிழர் கடைகளும் குடிசைகளும் எரிந்ததை நாம் மறக்கவில்லை. அன்று என் கடைப் பலகையைக் கழற்றிப் பரணில் போட்டேன். எங்கள் வீட்டுக்காரம்மா, கன்னடக்காரர், மூன்று நாள் எங்களை உள்ளே வைத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டவர்களிடம் “நம்ம ஹுடுகரு” என்று ஒரே பதில். நம்ம பிள்ளைகளாம். மாதரி என்றால் எனக்கு அந்த அம்மாதான். சிலம்பை நம் வழக்காக வாசிப்பதும், நாம் கோவலன் கட்சி என்று நினைத்துக்கொள்வதும் அதனால்தான் நமக்குச் சுலபமாக இருக்கிறது.

நூல் அப்படி விடவில்லை. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் சொல்லும் முற்பிறப்புக் கதையை எத்தனை பேர் ஊன்றிப் படித்திருக்கிறோம்? கலிங்கத்தில் சிங்கபுரம், கபிலபுரம் என்று இரண்டு ஊர். இரண்டு அரசருக்கும் பகை, நடுவே யாரும் போக்குவரத்து இல்லை. கபிலபுரத்து வணிகன் சங்கமன் மனைவி நீலியோடு சிங்கபுரத்துக் கடைத்தெருவுக்கு வந்து நகை விற்கிறான். அங்கே அரசனிடம் வேலை பார்த்த பரதன் இவனை ஒற்றன் என்று பிடித்துக் கொடுத்துக் கொல்ல வைக்கிறான். அந்தப் பரதன்தான் மறுபிறவியில் கோவலன். வெளியூர் வியாபாரி, கையில் நகை, கூட மனைவி, ஒரு பொய்க் குற்றச்சாட்டு, விசாரணை இல்லாத கொலை. அச்சு அசலாக அதே கதை, ஆள் மட்டும் இடம் மாறியிருக்கிறான். பரதன் விரதத்தை விட்டவன் என்று வேறு ஒரு சொல் வருகிறது. சமணன் காதில் அது நறுக்கென்று தைக்கும்.

பல அறிஞர் பெருமக்கள் இந்தப் பகுதியை ஊழ்வினைக்குச் சான்று என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். எங்கள் சமயத்தில் வினைக் கொள்கையை ஐந்து வயதில் சொல்லிக் கொடுப்பார்கள், எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் வினை என்பது செத்தவனைப் பார்த்து ‘உனக்கு இது வேண்டும்’ என்று சொல்வதற்கு அல்ல. இன்று நான் பரதனாக இருக்கிறேனா என்று அவரவர் பார்த்துக்கொள்ளத்தான்.

எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்ததை இங்கே எழுதிவிடுகிறேன். 2014இல் என் கடையில் மூட்டை தூக்க ஒரு ஒரிசாப் பையன் இருந்தான், கஞ்சாம் பக்கம், இருபது வயது இருக்கலாம். ஒரு சாயங்காலம் கல்லாவில் பதினோராயிரம் குறைந்தது. கடையில் நாலு பேர் இருந்தோம். மற்ற மூன்று பேரையும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நானே ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். இரவு முழுக்க அங்கேயே வைத்திருந்தார்கள். காலையில் அவன் நடந்து வந்த விதத்தைப் பார்த்தே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்தது. எட்டு நாள் கழித்து, லாரி ஆபீஸ் பாக்கிக்கு என் தம்பி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேரேட்டில் எழுத மறந்தது தெரியவந்தது. அதற்குள் பையன் ரயில் ஏறிவிட்டான். அந்த மாதச் சம்பளம் என்னிடமே தங்கிவிட்டது. அவன் ஊர்க்காரர் இருவரிடம் விசாரித்துப் பார்த்தேன், பிடி கிடைக்கவில்லை. பையன் அமைதியானவன், சத்தமே போடமாட்டான். ‘ஊமை மாதிரி இருந்துக்கிட்டு எவ்வளவு தைரியம் பாரு’ என்று அன்றைக்கு நான் சொன்ன ஞாபகம். பொற்கொல்லனின் எட்டுத் துணைகளோடு ஒன்பதாவதாக அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஆசாரியின் கேள்விக்கு வருகிறேன். ஆயிரம் பேர் பலியான செய்தி நூலில் இரண்டு இடத்தில் வருகிறது. உரைபெறு கட்டுரை, பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோயும் வறுமையும் வந்ததையும், பலிக்குப் பிறகு மழை பெய்ததையும் சேர்த்துச் சொல்கிறது. நீர்ப்படைக் காதையில் மாடலன் அதைச் செங்குட்டுவனிடம் சொல்கிறான். கோவலன் சாவுக்குப் பதினாறு வரி அழுத நாம், இந்த ஆயிரத்துக்கு மூச்சு விடுவதில்லை. குற்றம் செய்த பொற்கொல்லன் ஒருவன். அவன் இந்த ஆயிரத்தில் இருந்தானா என்றுகூட அங்கே சொல்லப்படவில்லை. அவன் இருந்தது மதுரை, இவர்கள் செத்தது கொற்கையில். தொழில் ஒன்று என்பதைத் தவிர வேறு சம்பந்தம் எதுவும் நூலில் இல்லை.

2018 அக்டோபரில் குஜராத்தில் இதே கணக்குதான் போட்டார்கள். ஹிம்மத்நகர் அருகே ஒரு பச்சைக் குழந்தைக்கு நடந்த கொடுமையில் பீகார்த் தொழிலாளி ஒருவன் கைதானான். உடனே வட குஜராத் முழுக்க இந்திக்காரர்களுக்கு அடி விழுந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் ரயிலேறினார்கள். செய்தவன் ஒருவன், ஓடியவர்கள் ஆயிரம்.

இளங்கோ இதை ஏற்கிறாரா? வழிவழியாகச் சமணத் துறவி என்று சொல்லப்படுபவர் உயிர்ப்பலியைப் புகழ்வாரா என்பது பழைய சிக்கல். அந்தப் பலியை அவர் புகழவில்லை, ஆனால் கண்டிக்கவும் இல்லை, மழை வந்தது என்று வேறு எழுதி வைத்துவிட்டார் என்பதே அடியேன் கருத்து. நூல் முழுக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. இந்த ஓர் இடத்தில் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒன்று மட்டும் கவனித்தேன். மாடலன் அதே பேச்சில்தான் மாதரி தீக்குளித்ததையும், கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதையும் சொல்கிறான். பலி நடந்த செய்தி வரும்போது, அதைத் தட்டிக் கேட்கக்கூடிய ஒரே ஆள் உயிரோடு இல்லை. கவுந்தி கோபமே இல்லாதவர் அல்லர். உறையூர்ப் பக்கம் கோவலனையும் கண்ணகியையும் இழிவாகப் பேசிய இருவரை நரியாகப் போகச் சபித்தவர். ஆனால் சபித்தது பேசிய அந்த இருவரை மட்டும். அவர்கள் சாதியை அல்ல, ஊரை அல்ல. அதற்கும் கோவலனும் கண்ணகியும் கேட்டுக்கொண்டதால் பன்னிரண்டு மாதம் என்று கெடு வைத்தார். தண்டனைக்கு ஆளும் அளவும் உண்டு என்று காட்டிய பாத்திரம் அது. அந்தப் பாத்திரத்தைப் படைத்தவர் கையால்தான் கொற்கைச் செய்தியும் எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்த ஞாயிறு வகுப்பில் இதையெல்லாம் ஆசாரியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அதுல ஒருத்தன் பொண்டாட்டியாவது கோட்டை வாசலுக்குப் போயிருப்பாளா சார்?” என்றார். நூலில் அப்படி எதுவும் இல்லை என்றேன். “போயிருப்பா. எழுதலை” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த காதையைப் பிரித்தார்.