கையறுநிலை

ஐப்பசி முழுவதும் வானத்தையே பார்த்திருந்து, கிணற்றின் கடைசி ஊற்றும் வற்றிப் பயிர் சருகாகிவிட்ட பின்பு, செம்பட்டிப் பக்கத்துக் குடியானவர் தம் சோகத்தையெல்லாம் அடக்கிச் சொல்லும் வாசகம் 'கையை விட்டுப் போச்சு' என்பதுதான். இனிப் பிழைக்க வழியில்லை என்று வைத்தியர் சொன்னால், அவர் 'கையை விரிச்சுட்டார்'. குடும்பத்தைத் தாங்கியவன் மறைந்தால், 'கை ஒடிஞ்ச மாதிரி' இருக்கிறது. நம்பிக்கை அழிவதை மனத்தின் விவகாரமாகக் கருதாமல் கையின் விவகாரமாகக் கண்ட இந்தப் பிரயோகம் மிகப் புராதனமானது. மாண்டாரை நினைந்து எஞ்சியோர் புலம்பும் துறைக்குத் தொல்காப்பியர் புறத்திணையியலில் இட்ட பெயரே கையறுநிலை. கை என்றால் இங்கே செயல்; செய்வதற்கு இனி ஏதுமில்லை என்ற நிலை அது.

1894-இல் உ. வே. சாமிநாதையர் அச்சிட்டளித்த புறநானூற்றில் இத்துறைச் செய்யுட்கள் பல உண்டு. பறம்பை இழந்த பாரி மகளிரின் ஐந்தடிப் பாட்டை அறியாத தமிழர் குறைவு. ஆயினும் என் ஹிருதயத்தை அதனினும் ஆழமாகத் தொட்டது, ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மறைந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய 242-ஆம் செய்யுளே. புலவர் கண்ணீர் என்ற சொல்லையே எடுக்கவில்லை. இளைஞர், வளையணிந்த மகளிர், பாணன், பாடினி என்று ஒவ்வொருவராக நிறுத்தி, இவர்களில் எவரும் இனிப் பூவைத் தொடப்போவதில்லை என்கிறார். சூடுதல், கொய்தல், யாழ்க்கோட்டால் கொடியை மெல்ல வளைத்தல், அணிதல் ஆகிய அத்தனையும் கையின் தொழில்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் ஊரின் கைகளெல்லாம் ஓய்ந்துவிட்டன. துறையின் பெயரைச் சொல்லாமலே அதன் பொருளைக் காட்சியாக்கிய இந்தச் சாமர்த்தியத்துக்கு இணையாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செம்பட்டிக்குத் தெற்கே நிலக்கோட்டை வட்டாரத்தில் பூப் பயிரிடுவோருக்கு இப்பாட்டின் நியாயம் உடனே விளங்கும். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் செடி மொட்டு விடத்தான் செய்கிறது. பறிக்காமல் விட்டால் மலர்ந்து வீணாகிறது. இயற்கையின் இந்தத் தர்மம், துக்கத்தில் இருப்பவனுக்கு அபராதமாகவே தோன்றும். ஆகவேதான் ஐந்தடி வரையில் கேள்வியை ஒளித்து வைத்த கீரத்தனார், ஆறாவது அடியில் முல்லைக்கொடியையே பார்த்து, நீயுமா பூத்தாய் என்று கேட்கிறார். அந்த ஓர் 'உம்'மில், பூக்காமல் இருந்து தங்களோடு துக்கம் காத்திருக்க வேண்டிய உறவினர்களில் முல்லையும் ஒருத்தியாகிவிடுகிறாள்.