உப்புத்தாள், மணல், கண்ணாடி: விரல் குறித்துச் சில குறிப்புகள்

குழந்தைக்கு எழுத்து கற்பிப்பது பற்றி நம் நடுத்தர வர்க்க வீடுகளில் ஓர் இருமை எதிர்வு உலவுகிறது. ஒருபக்கம் மாண்டிசோரி: மரம், துணி, உப்புத்தாள், கை. மறுபக்கம் தொடுதிரைச் செயலி: ஒளி, கண்ணாடி, பொம்மைக் குரல். முன்னது இயற்கை, பின்னது செயற்கை. முன்னது வளர்க்கும், பின்னது கெடுக்கும். இந்த எதிர்வை அப்படியே ஏற்றுக்கொண்டு பேசும் கட்டுரைகளை நிறையவே படித்தாயிற்று. அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். இரண்டும் எதிரிகள் அல்ல, ஒரே வம்சம் என்பது என் வாசிப்பு. அந்த வம்சத்தில் முறிவு எங்கே நிகழ்கிறது என்பதே நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

மாண்டிசோரி தன் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தை 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்ஸோ பகுதியில், கூலித் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் திறந்தார். அதற்கு முன் மனவளர்ச்சி குன்றியவர்கள் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்தபோது மரத்தில் செய்த எழுத்துகளைப் பயன்படுத்தியிருந்தார். அதேபோல இன்னொரு தொகுதி செய்விக்க முடியாமல் போகவே, அட்டையில் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டினார். வறுமையிலிருந்து வந்த கருவி அது. இன்று அதன் விலையைக் கேட்டால் மயக்கம் வரும், அது வேறு கதை. குழந்தை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, எழுதும் திசையிலேயே எழுத்தைத் தடவும். ஆசிரியை அதன் ஒலியைச் சொல்வார். பெயரை அல்ல, ஒலியை.

இதில் முக்கியமானது பிழை குறித்த ஏற்பாடு. சொரசொரப்பை விட்டு விரல் வழுவழுப்பான அட்டைக்கு நழுவினால் அது விரலுக்கே தெரிந்துவிடும். 'தப்பு' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தீர்ப்பு சொல்லும் அதிகாரம் வாத்தியாரிடமிருந்து பொருளுக்கு நகர்கிறது. பொருளின் வழியே குழந்தையின் தோலுக்கு. நம்ம ஊர்ப் பிரம்பை அறிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த அட்டையில் எழுத்து ஏற்கனவே முடிந்துபோன வடிவமாக ஒட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். குழந்தை அதை உண்டாக்குவதில்லை, பின்தொடர்கிறது. விரலை முன்பே போட்ட தடத்தில் நடத்திச் செல்லும் இந்தப் பயிற்சியின் வாரிசுதான் செயலியில் மின்னும் புள்ளிக்கோடு. மாண்டிசோரி பக்தர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

உப்புத்தாளுக்கு முன்னால் மணல் இருந்தது. அதற்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ அனாதை ஆண்பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தன் விடுதியில் புகுத்த முயன்றபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே ஒரு சிறுவனைக் கொண்டே மற்றச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக இது 'மெட்ராஸ் முறை' என்று பரவியது. லங்காஸ்டரின் பள்ளிகளிலும் ஏழைப் பிள்ளைகள் மணல் தட்டில் எழுதினார்கள். இந்த வகைப் பள்ளியைத்தான் பின்னாளில் ஃபூக்கோ ஒழுங்குபடுத்தும் எந்திரமாக வாசித்துக் காட்டினார்.

மணலில் தடம் கிடையாது. விரல்தான் எழுத்தை உண்டாக்க வேண்டும். உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போயிற்று, மறுபடி எழுதலாம். இதைச் சொன்ன உடனே 'ஆகா, நம் மரபு' என்று கிளம்பிவிட நான் தயாராயில்லை. மணல் எல்லாத் தெருவிலும்தான் கிடந்தது. திண்ணையில் ஏற எல்லாச் சாதிக்கும் அனுமதி இருந்ததா? ஏறியவர்களுக்கும் அங்கே பிரம்பும் கோதண்டமும் காத்திருந்தன. மணலில் பிழையைக் காட்டும் சொரசொரப்பு இல்லை. அதை வாத்தியாரின் கண் காட்டியது, கை திருத்தியது.

இனி கண்ணாடி. என் அக்கா மகளுக்கு நாலரை வயது. அவள் 'அ' எழுதப் பழகும் செயலியில் விரல் போன இடமெல்லாம் மஞ்சள் நிரம்பும். முழுக்க நிரம்பினால் கைதட்டல், பலூன். இரண்டே நாளில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். சுழியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பலகையைத் துடைப்பதுபோல மேலும் கீழும் பரபரவென்று தேய்த்தால் போதும். 'சூப்பர்!' என்றது செயலி. 'எழுதிட்டியா?' என்றேன். 'எழுதல மாமா, பெயிண்ட் அடிச்சேன்' என்றாள்.

இதைவிடத் துல்லியமான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. கண்ணாடி எழுத்தின்மேலும் ஒன்றுதான், எழுத்துக்கு வெளியேயும் ஒன்றுதான். விரலுக்கு அது எதையும் சொல்வதில்லை. எனவே தீர்ப்பு மறுபடியும் வெளியே போய்விடுகிறது, இந்த முறை எந்திரத்துக்கு. பிரம்பு இல்லாத, கைதட்டுகிற வாத்தியார். அவரை ஏமாற்றவும் முடியும் என்பதைக் குழந்தை எழுத்துக்கு முன்னாலேயே கற்றுக்கொள்கிறது. பரீட்சைக்காகவே படிக்கும் சமூகத்துக்குள் நுழைய இதைவிட நல்ல அறிமுகம் ஏது? திசையைக் கவனித்து, தேய்ப்பதை ஏற்காத செயலிகளும் உண்டு. அவற்றிலும் பிழையை உணர்வது விரல் அல்ல, நிரல்.

தமிழ் என்று வரும்போது இன்னொரு சிக்கல். இத்தாலிய மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் அநேகமாக ஒன்றுக்கு ஒன்று உறவு. நம் 'க' கல்லில் ஒன்று, தங்கத்தில் ஒன்று, அகத்தில் ஒன்று. ஒலியை மட்டும் சொல் என்றால் எந்த ஒலியை? 'கொ' என்பதில் காதுக்கு மெய் முந்தி, கண்ணுக்குக் கொம்பு முந்தி. 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் 'ணை', 'றா' போன்றவற்றின் பழைய வடிவங்களை மாற்றியது, கொம்பைத் தொடவில்லை. செயலிகளோ இந்த யோசனையே இல்லாமல் 247 கட்டங்களை அடுக்கிவிடுகின்றன. எந்தச் சொல்லிலும் வராத 'ஙௌ'வைக்கூட ஒரு குழந்தை தடவித் தடவிப் பலூன் வாங்குகிறது. சொல்லே இல்லாத எழுத்தை விரல் எதற்காகப் பழக வேண்டும்?

மாண்டிசோரி 1939 நவம்பரில் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் எதிரி நாட்டவரானார். மகன் மாரியோ சில மாதங்கள் சிறைப்பட்டிருந்தார். 1946 வரை இங்கேயே தங்கிப் பல நூறு ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஆனால் கூலித் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த முறை இங்கே பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகையாக முடிந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் போன செயல்வழிக் கற்றலில், தரையில் உட்கார்ந்து தானே அட்டையெடுத்துப் படிக்கும் பிள்ளையிடம் அதன் சாயலைப் பார்க்கலாம். இதை நம் சிறுபத்திரிகைகள் போதிய அளவு விவாதிக்கவில்லை. எங்களுக்கு பார்த்தும் தெரிதாவும் படிக்கவே நேரம் சரியாக இருந்தது.

சமீபத்தில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். 'பிள்ளைங்க விரலப் பத்திப் பேசுறீங்க சார். எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து வருதுன்னு தினமும் போன்ல ஏத்துறது என் விரலு. கையப் பிடிச்சு எழுத வைக்கணும்னா அதுக்கு மேலதான் நேரம் பாக்கணும்' என்றார். குழந்தையின் விரலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்த இன்னொரு விரல் கண்ணில் படவே இல்லை.