எவாஞ்செலியன் தொடரும் காண்போர் சினமும்

கலைப்படைப்பை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் படைத்தோனையும் படைப்பையும் நோக்கி அமைவர். காண்போன் உள்ளத்தில் விளைந்தது யாது என வினவுவோர் சிலரே. தமிழ் மரபிற்கு இவ்வினா புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியற்கு உரைகண்ட இளம்பூரணர், பேயும் புலியும் கண்டு அஞ்சினான் ஒருவனை எடுத்துக்காட்டி, அச்சத்திற்கு ஏதுவாய பொருள், அகத்து நிகழும் அச்சம், அதன்வழித் தோன்றும் குறிப்பு, மெய்யிற் புலப்படும் நடுக்கம் என இவற்றைப் பகுத்துணர்த்தினார். அஞ்சினான் நிலை ஒன்று. அவனைக் காண்போன் நிலை மற்றொன்று. இவ்விரு நிலைக்கும் இடைப்பட்ட தொலைவே நாடகச் சுவைக்கு இடந்தருவது. அத்தொலைவைப் படைத்தோனே நீக்கிவிடின், காண்போனிடம் யாது விளையும்?

இவ்வினாவிற்கு நம் காலத்தில் தக்க சான்றாக நிற்பது, ஜப்பானில் அனிமே எனப்படும் இயங்கோவிய வகையைச் சார்ந்த 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்செலியன்' என்னும் தொலைக்காட்சித் தொடராகும். அதன் முடிவு கண்டு பலர் சினந்தனர். அச்சினத்தை அறியாமையின் விளைவு என ஒதுக்குவாரும், வணிக நுகர்வின் கூறு என விளக்குவாரும் உளர். அது தன்னளவில் ஒரு திறனாய்வே என்பதும், அதன் ஒரு பகுதி நேரியது என்பதும் ஈண்டு நிறுவக் கருதுவன.

1. தொடரும் அதன் காலமும்

ஹிடெயாக்கி அன்னோ இயக்க, கைனாக்ஸ் நிறுவனம் ஆக்கிய இத்தொடர், டோக்கியோ தொலைக்காட்சியில் 1995 அக்டோபர் 4 முதல் 1996 மார்ச் 27 வரை 26 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. அவ்வாண்டின் சூழல் கருதற்பாலது. 1995 ஜனவரி 17-இல் கோபே நகரை அழித்த நிலநடுக்கத்தில் 6,434 பேர் மாண்டனர். மார்ச் 20-இல் ஓம் ஷின்ரிக்கியோ என்னும் சமயக் குழுவினர் டோக்கியோ சுரங்க இரயில்களில் நச்சு வளி பரப்பினர். 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரப் பெருக்கம் சரிந்திருந்தது. நிலமும், அரணெனக் கருதிய சமுதாயமும் ஒருங்கே அசைந்த காலம் அது.

கதை எளிதிற் சொல்லத்தக்கது. பதினான்கு அகவைச் சிறுவன் ஷின்ஜியை, அவனை முன்பே கைவிட்ட தந்தை அழைத்து, 'எவா' என்னும் பேருருவில் ஏறித் 'தூதர்' எனப்படும் விளங்காப் பகை உருக்களோடு பொருமாறு பணிக்கிறான். சிறுவனுக்குப் போரில் விருப்பமில்லை; மறுத்தால் தன்னை யாரும் வேண்டார் என்னும் அச்சமே அவனை ஏற்றுகிறது. குளிருக்கு அஞ்சி நெருங்கின் முள் தைக்கும், விலகின் குளிர் வருத்தும் என ஷோபன்ஹவர் சொன்ன முள்ளம்பன்றி உவமை தொடக்கப் பகுதிகளிலேயே எடுத்தாளப்படுகிறது. பகைவர் தாக்குதலைத் தடுக்கும் 'ஏ.டி. புலம்' என்னும் காப்பு, இறுதியில் மாந்தர் ஒவ்வொருவரும் தம் நெஞ்சைச் சூழ எழுப்பிக்கொண்ட மதிலே எனத் தெரிய வருகிறது. போர்க்கதையின் கருவியொன்று அகப்பொருளாக மாறிய இம்மாற்றமே தொடரின் உயிர்நிலை. அன்னோ தாம் நான்காண்டுகள் ஒன்றும் செய்ய இயலாது கிடந்ததை, தொடர் தொடங்கிய காலத்தில் எழுதிய குறிப்பொன்றில் மறையாது கூறினார். ஆகவே ஷின்ஜியின் சோர்வு பிறனொருவனைப் பற்றிய கற்பனை மட்டுமன்று.

2. இறுதி இரு பகுதிகள்

இருபத்து நான்கு பகுதிகள் வரை காண்போன் தன் இருக்கையில் இருந்தான். பகை உண்டு, அஞ்சுவோன் உண்டு, காண்போன் இருவர்க்கும் அப்பால் உளன். 25, 26-ஆம் பகுதிகளில் இவ்வமைப்பு முழுதும் நீங்கியது. போரின் முடிவு காட்டப்படவில்லை, மறைபொருள்கள் விடுவிக்கப்படவில்லை. ஒளிவட்டத்தில் ஒரு நாற்காலி. அதில் அமர்ந்த சிறுவன். அவனை நோக்கி எழும் வினாக்கள். கரிக்கோல் வரைவுகளும் நிழற்படங்களும் எழுத்துக்களும் திரையில் மாறிமாறி வந்தன. முடிவில், தான் இவ்வுலகில் இருக்கலாம் எனச் சிறுவன் உணர, ஏனை மாந்தர் சூழநின்று கைதட்டி வாழ்த்தினர்.

தயாரிப்பின் கால நெருக்கடி இவ்வடிவிற்கு ஒரு காரணம் என்பர். அது உண்மையே ஆயினும், விளைவை ஆராய்வார்க்கு அது போதாது. புலி மேடையினின்று நீங்கியது. அச்சம் மட்டும் எஞ்சியது. புலி இல்லாத அச்சத்தைத் தொலைவில் நின்று சுவைத்தல் இயலாது. 'நீ ஏன் அஞ்சுகிறாய்?' என்னும் வினா, காண்போனை அஞ்சினான் இடத்திற்கே ஈர்த்தது.

விளைவு இருவேறாயிற்று. தம் நிலை சொல்லக் கண்டேம் என நன்றி எழுதினார் ஒரு சாரார்; ஏமாற்றப்பட்டேம் எனச் சினந்தார் மற்றொரு சாரார். சினந்தோர் கேட்டன பெரும்பாலும் கதை பற்றியன: தூதர் யாவர்? தந்தையின் திட்டம் யாது? ஆயின் விடை கிடையாத புதிர் வியப்பை நீட்டிக்குமேயன்றி வெகுளியை விளைப்பதில்லை. தொல்காப்பியம் வெகுளிக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாகக் குடிகோளைக் கூறும். தன் குடிக்கும் சுற்றத்திற்கும் பிறர் கேடு சூழ்தல் அது. ஆறு திங்கள் அத்தொடருள் குடியிருந்தோர்க்கு அம்மாந்தர் சுற்றமாயினர். அவ்வில்லத்தை ஆக்கியோனே இடிப்பக் கண்டபோது எழுந்தது குடிகோள் வெகுளியே என்பது என் துணிபு. நன்றி கூறியோரும் சினந்தோரும் ஒரே விளியைக் கேட்டவர். மறுமொழி மட்டுமே வேறு.

3. திரையில் ஏறிய மடல்கள்

1997 ஜூலை 19-இல் 'எவாஞ்செலியனின் முடிவு' என்னும் திரைப்படம் வெளிவந்தது. மாந்தர் அனைவரும் மதிலிழந்து ஒரு கடலாய்க் கலக்கின்றனர். நோவற்ற அவ்வொருமையைச் ஷின்ஜி மறுத்து, பிறர் பிறராகவே இருக்கும் உலகை வேண்டுகிறான். அவ்விடத்தில் ஓவியம் நின்று உண்மைப் படப்பிடிப்பு தோன்றுகிறது. திரையரங்கின் இருக்கைகளில் அமர்ந்திருப்போரைத் திரையே காட்டுகிறது. காண்போர் எழுதிய மடல்களும் செய்திகளும் மின்னி மறைகின்றன. அவற்றுள் பாராட்டும் உண்டு, கொலைமிரட்டலும் உண்டு.

இது படைத்தோன் காண்போரைப் பழிதீர்த்த செயல் என்பர் சிலர். வசையை மட்டும் காட்டியிருப்பின் அக்கூற்று பொருந்தும். பாராட்டையும் உடன் காட்டினமையின், அன்பும் பகையும் ஒரே பற்றின் இரு முகம் என்பதே ஈண்டுப் பெறப்படும் பொருள். கனவினுள் ஒளிந்து நனவை மறத்தல் தகாது என்னும் கண்டனத்தை, வாழ்நாளெல்லாம் கனவு வரைந்த ஒருவர் கூறுங்கால் அது தமக்கும் கூறியதேயாம்.

எனினும் குறையொன்றுண்டு. அம்மடல்கள் படிக்க இயலாத விரைவில் ஓடுகின்றன. எழுதியோர் குரல் படமாயிற்றேயன்றிச் சொல்லாகவில்லை. கேளாது காட்டுதல் மறுமொழி ஆகாது. அரங்கத்து இருக்கைகளைக் காட்டிய காட்சியோ இவ்வாறன்று. அது எவரையும் சுட்டாது அனைவரையும் தொடுகிறது. இரண்டனுள் பின்னதே கலை.

4. அசுமா கொள்கையும் மறுப்பும்

இத்தொடரைக் கண்டோரைப் பற்றிய கொள்கைகளுள் தலையாயது அசுமா ஹிரோக்கி 2001-இல் வெளியிட்ட நூலிற் கூறியது. சிறுகதைகளையும் பண்டங்களையும் நுகர்வோர் அவற்றின் பின்னுள்ள பெருங்கதையை நாடுகின்றனர் என 1989-இல் ஓட்சுக்கா எய்ஜி கூறியிருந்தார். அசுமா அதனை மறுத்து, 1979-இல் வெளிவந்த 'குண்டம்' தொடரைக் கண்டோர் அதன் கற்பனை வரலாற்றை முழுமையாகக் காண விழைந்தனர் எனவும், எவாஞ்செலியனைக் கண்டோரோ பெருங்கதையை நாடாது மாந்தரின் உருவையும் கூறுகளையுமே எடுத்து நுகர்ந்தனர் எனவும் உரைத்தார். கூறுகளின் களஞ்சியமே அவர்க்குப் படைப்பு என்பது அவர் கருத்து.

ரெய், அசுகா ஆகிய சிறுமியரின் உருவப் பொம்மைகளும் படங்களும் பெற்ற பெருவிற்பனை இதற்குச் சான்றாகும். 26-ஆம் பகுதியில், தன்னிலை ஒன்றே அன்று என உணர்த்த வந்த இன்பமயமான பள்ளிக் காட்சி, பின்னர் வழிநூல்களுக்கும் விளையாட்டுக்களுக்கும் வித்தாயிற்று. உவமையாகச் சொன்னதை உறையுளாகக் கொண்டனர் காண்போர். இவ்வளவில் அசுமா கூற்று ஏற்புடையதே.

ஆயின் அவர் கொள்கை சினத்தை விளக்கவில்லை. கூறுகளை மட்டும் வேண்டுவோர்க்கு முடிவு ஒரு பொருட்டன்று. வேண்டுவன முன்பே கைவரப் பெற்றவர் அவர். முடிவு பிழைத்தது எனச் சினப்போன், முழுமை ஒன்று உண்டு எனவும் அது தனக்குக் கடப்பாடுடையது எனவும் நம்பியவன் ஆவான். ஆகவே அசுமா விளக்கியது வணிகத்தின் நடையை. காண்போர் மெய்ப்பாட்டை அன்று.

இனி, தனிமையுற்ற இளைஞரின் குறையே அச்சினம் என எளிதாக முடித்தலும் தவறு. வீட்டினுள் ஒடுங்கி வாழ்வோரைப் பற்றி உளமருத்துவர் சைட்டோ தமாக்கி நூலெழுதியது 1998-இல். ஒடுக்கம் அக்காலச் சமுதாயத்தின் உண்மை நோயே. எனினும் தொடரைக் கண்டோர் எல்லாரையும் நோயாளராக்குதல் அவர் கூற்றைக் கேளாதிருத்தற்கு ஒரு வழியே ஆகும்.

5. இருபத்தைந்து ஆண்டுகட்குப் பின்

அன்னோ 2007 முதல் இக்கதையை நான்கு திரைப்படங்களாக மீண்டும் ஆக்கினார். இறுதிப்படம் 2021 மார்ச் 8-இல் வெளிவந்து, ஜப்பானில் 1,000 கோடி யென்னுக்கு மேல் ஈட்டிற்று. முதல் தொடரைப் பதினான்கு அகவையிற் கண்டோர் அப்போது நாற்பதை அணுகியிருந்தனர். முடிவில் வளர்ந்த ஷின்ஜி ஓர் இரயில் நிலையத்தினின்று வெளியே ஓடுகிறான். ஓவியம் உண்மைக் காட்சியாகி, அன்னோ பிறந்த ஊபே நகரின் ஊபே ஷின்கவா நிலையம் தோன்றுகிறது. கனவை விட்டு வெளியே செல்க என்னும் 1997-ஆம் ஆண்டின் அதே அறிவுரைதான். இம்முறை மேலோங்கி ஒலித்தது சினம் அன்று, நன்றியும் பிரியாவிடையும்.

அகவை முதிர்ந்தமை ஒரு காரணம். அதனினும் சிறந்த காரணம் படைப்பினுள்ளேயே உளது. 2021-ஆம் ஆண்டுப் படத்தின் முற்பகுதி ஒரு சிற்றூரில் நிகழ்கிறது. பேரழிவில் எஞ்சியோர் அங்கு நெல் நடுகின்றனர், குழந்தை வளர்க்கின்றனர். பேச்சிழந்து கிடக்கும் ஷின்ஜியைப் பழைய தோழர் வற்புறுத்தாது, உணவும் இடமும் தந்து காத்திருக்கின்றனர். அவன் எழுந்தது வினாக்களால் அன்று, அவர்தம் பொறுமையால்.

1996-இல் குறைந்தது இதுவே. பிறரோடு வாழ்தல் இயலும் என அம்முடிவு கூறிற்று. ஆயின் அவ்வாழ்வைக் காட்டவில்லை. வெளியிடமின்றி வந்து கைதட்டிய மாந்தர் வாழ்த்தினரேயன்றி உடன் வாழ்ந்திலர். குடியை இடித்தவன் வேறு குடியைக் காட்டல் வேண்டும். தாம் இழந்தது விடைகளை எனக் காண்போர் கருதினர், அது பிழை. தாம் ஒன்றை இழந்தோம் என உணர்ந்தனர், அது பிழையன்று.

முடிபு

காண்போர் சினத்தின் சொற்கள் பிழைபடலாம். சில கொடியனவும் ஆகலாம். கொலைமிரட்டலுக்கு எவ்வகை நியாயமும் இல்லை. ஆயின் சொல்லின் பிழை உணர்வின் பிழையாகாது. படைப்போன் தொலைவை நீக்கிக் காண்போனை மேடைக்கு அழைக்கலாம்; அழைத்தபின் அவன் நிற்றற்கோர் இடம் தருதல் படைப்பின் கடன். அக்கடன் இறுக்கப்படாதவிடத்து எழும் வெகுளி, திறனாய்வாளன் செவிகொள்ளத் தக்க சான்றேயாகும். மெய்ப்பாடு கேட்போர் வாயிலாகவும் படைப்பை அளத்தல் நம் மரபிற்கு இயைந்த நெறி. புதுக்கலைகளை ஆராயும் மாணவர் இந்நெறியை மேற்கொள்வாராக.