நெருப்பு விடையாகுமா?

‘திருவிளையாடல்’ திரைப்படம் நமக்குப் பிடிக்கவில்லை. இப்படிச் சொன்னால் பக்தர்கள் சினப்பர், அதில் வியப்பில்லை. நம் தோழர்களே முகம் சுளிக்கின்றனரே, அதுதான் வியப்பு!

ஏ.பி. நாகராசன் இயக்கத்தில் 1965-இல் வெளிவந்து, வெள்ளிவிழாக் கண்ட படம். 2012-இல் புதுமெருகுடன் மீண்டும் திரைக்கு வந்தபோதும் மக்கள் திரண்டனர். தருமியின் புலம்பலை ஒப்பிக்காத ஊரில்லை. “சாமி படந்தான், ஆனாலும் நக்கீரர் காட்சி ஒன்று போதுமே! கடவுளிடமே குற்றம் கண்ட தமிழனல்லவா?” என்கிறார், மேடையில் பகுத்தறிவு முழங்கும் நண்பர் ஒருவர். அந்த ‘ஆனாலும்’தான் நம்மை எழுதத் தூண்டியது.

கலைத்திறனை நாம் மறுக்கவில்லை. நாகேசின் நடிப்பில் சிரிக்காதவர் உண்டோ? மகாதேவனின் இசையில் மயங்காதவர் உண்டோ? நஞ்சை வெறுங்கையில் நீட்டினால் எவரும் வாங்கார். தேனில் குழைத்தால்தான் கேட்டு வாங்கி உண்பர். ஆகவே தேனைப் புகழ்ந்துவிட்டு, உள்ளே குழைத்திருப்பதைப் பார்ப்போம்.

பாண்டியன் அவையில் எழுந்த வழக்கு என்ன? பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணமுண்டா, இல்லையா என்பது. வழிபாட்டால் தீர்வதா இது? ஆராய்ந்தால் தீர்வது! இல்லை என்கிறார் நக்கீரர். மலரும் எண்ணெயும் தரும் மணமே என்கிறார். பாட்டுக்குடையவராக வந்த சிவனார் சான்று காட்டினாரா? இல்லை. உயர்குலப் பெண்டிர்க்கு? தேவமாதர்க்கு? நீ வணங்கும் அன்னைக்கு? என்று படிப்படியாக ஏறுகிறார். அறிவுக்கு விடை சொல்ல இயலாதபோது அச்சத்தை ஏவும் பழைய முறை!

அதுவும் பலிக்கவில்லை. அடுத்து என்ன செய்கிறார்? புலவரின் குலத்தொழிலை இழுக்கிறார். சங்கறுக்கும் நீயா என் பாட்டில் குற்றம் காண்பது என்று இழித்துரைக்கிறார். தோழர்களே, இந்தக் குரலை நாம் வேறெங்கும் கேட்டதில்லையா? பள்ளியில், அலுவலகத்தில், ஊர்ப் பொதுவில் கேட்டதில்லையா? “நீ யார் கேட்க?” என்பதுதானே சாதியின் முதற் கேள்வி! உழைத்து உண்பவர் நாங்கள், உம்மைப்போல் இரந்து உண்பவரல்லர் என்று நக்கீரர் தரும் விடை ஒன்றே அப்படத்தின் உயர்ந்த கருத்து.

அந்த விடைக்கு மறுவிடை என்ன? நெற்றிக்கண்! நக்கீரர் நெருப்புக்கு இரையாகிறார். பிறகு உயிர் பெறுகிறார், பணிகிறார். எல்லாம் விளையாட்டே என்று தெரிவிக்கப்படுகிறது. எரித்தவர் வள்ளல், எரிந்தவர் நன்றி சொல்ல வேண்டியவர்! கணவனிடம் வாதிட்ட தாட்சாயணிக்கும் இதே முடிவுதான். வினவினால் எரிப்பு, எரித்தபின் மன்னிப்பு, மன்னித்தபின் ஆடல் பாடல். வாதில் தோற்ற கடவுள், கதையில் வென்றுவிடுகிறார். நக்கீரரின் துணிவுக்குக் கைதட்டும் நாம், அவர் பணியும்போதும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

இத்தனைக்கும் காரணமான பாட்டு யாது? குறுந்தொகையின் 2-ஆம் பாடல். காதலன் ஒருவன், நீ அறிந்த மலர்களில் என் காதலியின் கூந்தலைப்போல் மணப்பதும் உண்டோ என்று தும்பியிடம் கேட்கிறான். அவ்வளவே! அதில் ஆலவாயும் இல்லை, நெற்றிக்கண்ணும் இல்லை. பாடியவர் பெயர் இறையனார். அப்பெயரைப் பற்றிக்கொண்டு பிற்காலத்தார் கதை கட்டினர். பரஞ்சோதியார் புராணத்தில் பாடினார். நாகராசன் திரையில் தீட்டினார். மனிதன் பாடிய காதற்பாட்டு மாதேவன் கணக்கில் வரவாயிற்று.

இதனால் என்ன கேடு என்பீரோ? அண்மையில் வகுப்பில் அப்பாடலை நடத்தினோம். “இதைப் பாடியவர் யார்?” என்றோம். “சிவபெருமான்!” என்றனர் மாணவர். எப்படித் தெரியும் என்றால், படத்தில் பார்த்தார்களாம்! ஒரு சிறுவன் மட்டும் எழுந்து, “கடவுள் சொன்னது சரியென்றால் ஏன் ஐயா எரித்தார்? விளக்கியிருக்கலாமே?” என்றான். வகுப்பு சிரித்தது, அவன் நாணி உட்கார்ந்தான். அன்று நாம் அவனை மீண்டும் எழுப்பி நிறுத்தி, அவன் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினோம். அப்படத்தைப் பற்றி நாம் கேட்ட திறனாய்வுகளுள் அதுவே சிறந்தது.

1952-இல் ‘பராசக்தி’ வந்தது. சிலை பேசாது, அதன் பின்னால் நின்று பேசுபவன் மனிதனே என்று காட்டியது. அந்த மனிதனாக நின்று கோயிற் கொடுமையைக் கேட்டவர் சிவாசி கணேசன். தந்தை பெரியார் சூட்டிய பட்டத்தைப் பெயராகக் கொண்டவர். பதின்மூன்றே ஆண்டுகளில் அதே சிங்கக் குரல், கேட்பவனை எரிக்கும் கடவுளுக்கு வாடகைக்குப் போயிற்று. நடிகரை நாம் பழிக்கவில்லை. அவர் வேடம் ஏற்பவர். வேடத்தை நம்புகிறவர் நாம்தாமே!

படத்தைப் பாராதீர் என்று தடை விதிக்க நாம் வரவில்லை. தடை போடுவது நெற்றிக்கண்ணின் வேலை. பாருங்கள், சிரியுங்கள், இசையைச் சுவையுங்கள். நக்கீரர் எரியும் இடத்தில் மட்டும் அச்சிறுவனைப்போல் எழுந்து கேளுங்கள்: நெருப்பு எப்போது விடையாயிற்று?